கவுன்டரைத் தாண்டி வாருங்கள்

நூலக அறிவியல் முடித்து, நெட்டும் தேறி, பல்கலைக்கழக நூலகத்தில் முதல் வேலைக்குப் போகிற பிள்ளைகள் அவ்வப்போது என்னைப் பார்க்க வருவார்கள். கோஹா, ஆர்எஃப்ஐடி என்று பேச்சு தொடங்கும். அதெல்லாம் என்னைவிட அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். பணியிலிருந்து ஓய்வு பெற்ற எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான். நூலகத்தில் தனக்குத் தெரிந்த ஒரு முகம் இருந்தால் அந்த மாணவி மறுபடி வருவாள். இல்லாவிட்டால் படிப்பு முடியும்போது 'நோ டியூஸ்' கையெழுத்துக்கு மட்டும் வருவாள். அந்த முகமாக நீங்கள் ஆவதற்கு என்னவெல்லாம் செய்யலாம் என்று தோன்றியதை எழுதுகிறேன். வரிசைக்கு அர்த்தம் எதுவும் கிடையாது.

1. மாணவர்களுக்கு நூலகம் பயமான இடம் என்பதை முதலில் நம்புங்கள். நமக்கு அது புரிவதில்லை, ஏனென்றால் நாம் அங்கேயே சாப்பிட்டு அங்கேயே பழகியவர்கள். கான்ஸ்டன்ஸ் மெல்லன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இரண்டு ஆண்டுகள் மாணவர்களைத் தங்கள் நூலகத் தேடலைப் பற்றி எழுதச் சொல்லிப் படித்துப் பார்த்து, 1986-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். முக்கால்வாசிப் பேர் முதலில் எழுதியது பயம் என்பதைத்தான். அதற்கு அவர் நூலக அச்சம் என்று பெயர் வைத்தார். மற்ற எல்லோருக்கும் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியாது. கேட்டால் தெரியாதது வெளியே தெரிந்துவிடும். ஆகவே கேட்க வேண்டாம். அவர்கள் மனசுக்குள் ஓடும் கணக்கு இதுதான்.

நம் ஊரில் இதோடு இன்னும் சில சேரும். வாசலில் செக்யூரிட்டி. கழுத்தில் ஐடி கார்டு இல்லையென்றால் திரும்பிப் போ. பையை வெளியே வை, ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடு, பேசாதே. பள்ளியில் நூலகம் என்றால் தலைமையாசிரியர் அறையில் பூட்டிக் கிடக்கும் பீரோ என்று மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளை, இத்தனையையும் தாண்டி உள்ளே வந்து நிற்கிறது. வேலையில் சேர்ந்த முதல் நாள், யாரிடமும் சொல்லாமல், முதலாண்டு மாணவி போல வாசலிலிருந்து ஒரு நாற்காலி வரை நடந்து பாருங்கள். வழியில் எத்தனை பலகைகள் 'கூடாது' என்று சொல்கின்றன என்று எண்ணுங்கள். அவற்றில் பாதியைக் கழற்றினால் எந்த நஷ்டமும் வராது.

2. அவர்கள் கேட்கும் முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். 1968-இல் ராபர்ட் டெய்லர் என்பவர் எழுதிய கட்டுரையை உங்கள் பாடத்தில் நீங்களே படித்திருப்பீர்கள். மனத்துக்குள் உருவமில்லாமல் இருக்கும் தேவை நான்கு படிகளில் தேய்ந்து, நூலகத்தால் எதைத் தர முடியும் என்ற ஊகத்துக்கு ஏற்ப வெட்டப்பட்டுத்தான் நம் மேஜைக்கு வந்து சேர்கிறது என்றார். தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருப்பீர்கள். கவுன்டரில் அது இப்படி இருக்கும்:

"மேடம், சோஷியாலஜி புக் எங்க இருக்கு?"

"ரெண்டாவது மாடி, 301" என்று சொல்லி அனுப்பிவிடலாம். சரியான பதில்தான். ஆனால் அந்தப் பெண்ணுக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது. நாற்பது தடிப் புத்தகங்கள், எல்லாம் ஆங்கிலத்தில். ஒன்றை எடுத்துப் புரட்டிவிட்டுப் போய்விடுவாள், மறுபடி கேட்க மாட்டாள்.

"சோஷியாலஜில எதைப் பத்திம்மா எழுதப் போறீங்க?"

"அசைன்மென்ட் மேடம். பெண்கள் வேலைன்னு."

"என்ன வேலை?"

சற்று நின்று, "எங்க ஊர்ல நூறு நாள் வேலைக்குப் போறவங்களப் பத்தி எழுதலாமான்னு பார்க்கிறேன். எங்கம்மாவும் போவாங்க."

இப்போதுதான் கேள்வி வந்திருக்கிறது. இதற்கு 301 போதாது. 2005-இல் வந்த சட்டத்தின் தமிழ் விளக்கம், மாவட்டப் புள்ளிவிவரம், யாராவது செய்த கள ஆய்வு, ஷோத்கங்காவில் இதே தலைப்பில் நம் பல்கலைக்கழகத்திலேயே வந்த ஆய்வேடு என்று நான்கைந்து கதவுகள் திறக்கும். ஒரு எச்சரிக்கை: "எதுக்கு வேணும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். நம் அலுவலகங்களில் அந்தச் சொற்றொடருக்கு 'உனக்கு எதற்கு அது' என்ற தொனி ஏறிவிட்டது. "என்ன பண்ணிட்டிருக்கீங்க, சொல்லுங்க" என்று கேளுங்கள். உட்காரச் சொல்லிக் கேளுங்கள்.

3. எழுந்து கூட நடங்கள். விரலை நீட்டி ரேக்கைக் காட்டுவது வழிகாட்டல் ஆகாது. ரேக்குக்கு நடக்கிற அந்த ஒரு நிமிடத்தில்தான் இரண்டாவது கேள்வி வரும்; பெரும்பாலும் முதல் கேள்வியைவிட நல்ல கேள்வியாக இருக்கும். தமிழ் எம்.ஏ. பிள்ளையாக இருந்தால் 894.811 என்ற எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். டூயி முறையில் தமிழ் இலக்கியம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. ஓர் எண் தெரிந்தவுடன் அவர்கள் நடையே மாறும்.

4. கேட்டலாக் மாணவரை ஏமாற்றுகிறதா என்று பாருங்கள். முதலாண்டுப் பையன் ஒபாக்கில் 'மு.வ.' என்று அடிப்பான். ஒன்றும் வராது. நாம் வரதராசன் என்று பதிந்திருப்போம். நமக்கு முன்னால் இருந்தவர் வரதராஜன் என்று பதிந்திருப்பார். அவருக்கும் முன்னால் இருந்தவர் ஆங்கில எழுத்தில், தன் காதுக்குப் பட்டபடி எழுத்துக்கூட்டிப் பதிந்திருப்பார். புதுமைப்பித்தனைச் சொ. விருத்தாசலம் என்று தேட எந்தப் பிள்ளைக்குத் தோன்றும்? மூன்று முறை 'முடிவுகள் இல்லை' என்று திரையில் பார்த்தவன், நூலகத்தில் தமிழ்ப் புத்தகமே இல்லை என்று வகுப்பில் போய்ச் சொல்வான். அவன் சொல்வதை வகுப்பு நம்பும்.

அட்டைக் கேட்டலாக் காலத்தில் 'காண்க' அட்டை என்று ஒன்று போடுவோம். 'மு.வ. – காண்க: வரதராசன், மு.' கோஹாவிலும் அதே வேலையைச் செய்ய அத்தாரிட்டி பதிவுகள் உண்டு. யாரும் மெனக்கெடுவதில்லை, ஏனென்றால் இந்த வேலை எந்த அறிக்கையிலும் வராது. புதிதாக வந்தவர்களுக்கு நேரம் இருக்கும். தமிழ் எழுத்தாளர்களில் தொடங்குங்கள். முகம் பார்க்காமல் செய்கிற வேலைதான். ஆனாலும் மாணவரோடு நல்ல உறவு இங்கேயே தொடங்குகிறது என்பது என் துணிபு.

5. ஆடிட்டோரியத்தில் முன்னூறு பேரை உட்காரவைத்து, ஜூலை மாதத்தில் ஒரு மணி நேரம் நடத்தும் அறிமுக வகுப்பால் பயன் மிகக் குறைவு. விடுதியில் படுக்கை கிடைக்குமா என்ற கவலையில் இருக்கும் பிள்ளையிடம் இ-ஜர்னல் பற்றிப் பேசுகிறோம். நடத்தச் சொன்னால் நடத்துங்கள், பத்து நிமிடத்தில் முடியுங்கள், உங்கள் பெயரையும் நீங்கள் உட்காரும் இடத்தையும் மட்டும் சொல்லுங்கள். உண்மையான அறிமுகத்தை முதல் அசைன்மென்ட் கொடுக்கப்படும் வாரத்துக்குத் தள்ளிப் போடுங்கள். அப்போது வகுப்பு வகுப்பாக, இருபது இருபது பேராக வரச் சொல்லுங்கள். அது எந்த வாரம் என்று தெரிய வேண்டுமானால் ஆசிரியர்களோடு தேநீர் குடிக்கிற பழக்கம் வேண்டும்.

அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்து மருத்துவ நூலகம் 1996-இலேயே புதிதாகச் சேரும் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு நூலகரைப் பெயர் சொல்லி ஒதுக்கியது. 2008-இல் இளநிலை மாணவர்களுக்கும் அது வந்தது. அங்கே ஆள்பலம் உண்டு, நமக்குக் கிடையாது. பாதிப் பணியிடங்கள் காலி. ஆனாலும் துறைகளைப் பிரித்துக்கொள்ளலாம். தாவரவியலுக்கு இவர், வரலாற்றுக்கு இவர் என்று துறையின் அறிவிப்புப் பலகையில் ஒரு புகைப்படம், ஒரு பெயர், எந்த நேரத்தில் பார்க்கலாம் என்ற ஒரு வரி. இதற்குச் செனட் ஒப்புதல் வேண்டியதில்லை. உங்கள் சொந்த வாட்ஸ்அப் எண்ணை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அலுவலக எண்ணைக் கொடுங்கள். இரவு பதினோரு மணிக்குப் பதில் சொல்லிப் பழகினால் அதுவே விதியாகிவிடும்.

6. ரங்கநாதனைப் படமாக மாட்டிவைத்து ஆகஸ்ட் 12 அன்று மாலை போடுவதோடு நிறுத்திவிடாதீர்கள். அவர் 1924-இல் மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக வந்தவர். வந்த புதிதில் அந்தத் தனிமை பொறுக்காமல் வகுப்பறைக்கே திரும்பிவிடத் துடித்தார். அந்த ஆண்டே லண்டன் போய், அங்கே நூலகங்களில் சாதாரண மக்கள் புழங்குகிற விதத்தைப் பார்த்த பிறகுதான் இந்த வேலையின் மீது பிடிப்பு வந்தது. திரும்பி வந்து அலமாரிகளைத் திறந்துவிட்டார், வாசகர் தாமே போய் எடுத்துப் பார்க்கலாம் என்றார். 1931-இல் வந்த ஐந்து விதிகளை எல்லோரும் மனப்பாடம் செய்கிறோம். அவர் 1940-இல் எழுதிய 'ரெஃபரன்ஸ் சர்வீஸ்' நூலைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. புதிதாக வருபவரை நூலகத்துக்குப் பழக்குவதை அதில் தனி வேலையாக வைத்துப் பேசுகிறார். உடனே சொல்லிவிடக்கூடிய பதிலையும் நாள்கணக்கில் தேடித் தரவேண்டிய பதிலையும் பிரிக்கிறார். ஆசிரியராக இருந்தவர் எழுதியது என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும்.

அவரிடம் பின்பற்றக் கூடாதது ஒன்றும் உண்டு. இருபது ஆண்டுகள் விடுப்பே எடுக்காமல் உழைத்தார், திருமணம் முடிந்த பிற்பகலே நூலகத்துக்கு வந்துவிட்டார் என்று பெருமையாகச் சொல்வார்கள். நீங்கள் விடுப்பு எடுங்கள். களைத்துப்போன ஆளின் முகத்தைப் பார்த்து யாரும் சந்தேகம் கேட்க வர மாட்டார்கள்.

7. 'எங்ககிட்ட இல்லை' என்பது உங்கள் கடைசி வாக்கியமாக இருக்கக் கூடாது. அடுத்த வாக்கியம் 'எங்கே இருக்கும்' என்பது. பழைய தமிழ் இதழ் வேண்டுமா, தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் ஒரு தனிமனிதர் சேர்த்த சேகரத்திலிருந்து 1994-இல் உருவானது. சுவடி வேண்டுமா, பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகம், தஞ்சையில் சரசுவதி மகால். வெளியூர் போகப் பணம் இல்லையா, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தைத் திறந்து, அவளையே தேட வையுங்கள். அங்கே போனால் யாரைப் பார்ப்பது, என்ன கடிதம் கொண்டுபோவது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முடிந்தால் போன் போட்டுச் சொல்லிவையுங்கள். கைக்கடிதம் இல்லாமல் போய் வாசலில் திரும்பி வந்த ஆய்வு மாணவர்கள் அதை மறப்பதில்லை.

8. காலையில் கதவு திறக்கும்முன் வந்து, தங்கள் சொந்தப் புத்தகத்தை விரித்து, இரவு மூடும்வரை உட்கார்ந்திருக்கும் குரூப்-4, குரூப்-2 பிள்ளைகளை விரட்டாதீர்கள். 'லைப்ரரி புக்கைத் தொடுறதே இல்லை, ஃபேனுக்கும் கரண்டுக்கும் வர்றாங்க' என்று நம்மில் பலர் முணுமுணுப்பதுண்டு. ஃபேனுக்குத்தான் வருகிறார்கள். வீட்டில் ஒரே அறை, அதில் டிவி. அமைதியாக ஒரு மேஜையைத் தருவதும் நூலகத்தின் வேலைதான். செய்தித்தாளை முதலில் கேட்பவர்களும், விளக்கு எரியவில்லை என்று வந்து சொல்பவர்களும் இவர்கள்தான். படிப்பு முடிந்த பின்னும் வர விரும்புகிறவர்களுக்கு முன்னாள் மாணவர் அட்டை தர உங்கள் விதியில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நூலகக் குழுக் கூட்டத்தில் எழுப்புங்கள்.

9. ஆய்வு மாணவர்கள் உங்களிடம் பயந்தபடி வரும் ஒரு நாள் உண்டு: கருத்துத் திருட்டுப் பரிசோதனைச் சான்றிதழுக்கு. ஐந்து ஆண்டுகள் எட்டிப் பார்க்காதவரும் அன்று வருவார். 2018-இல் யுஜிசி கொண்டுவந்த ஒழுங்குமுறைப்படி 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை கிடையாது. 10-க்கு மேல் 40 வரை என்றால் திருத்தி மறுபடி சமர்ப்பிக்க வேண்டும். 40-ஐத் தாண்டினால் ஓராண்டுக்குச் சமர்ப்பிக்கத் தடை. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். மென்பொருள் '27%' என்று ஒரு தாளைத் துப்பும். அந்தத் தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவது எளிது.

அப்படிச் செய்யாதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்து அறிக்கையைத் திறந்து, எந்த வண்ணம் எந்த மூலத்தைக் காட்டுகிறது என்று கூடவே படியுங்கள். மேற்கோள் குறிக்குள் மூலம் காட்டியவை, துணைநூற்பட்டியல், பொருளடக்கம், நன்றியுரை, சட்டப் பிரிவுகள், தொடர்ந்து 14 சொற்கள் வரை தற்செயலாக ஒத்துப்போகிற பொதுவான தொடர்கள் ஆகியவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று அதே ஒழுங்குமுறை சொல்கிறது. அவற்றை நீக்கினாலே பல பேருக்கு எண் இறங்கிவிடும். இறங்காதவர்களிடம் நேராகச் சொல்லுங்கள்: "இந்த ரெண்டு பக்கம் உங்க வார்த்தை இல்லை. இதை எழுதினவர் பேரை ஏன் போடலை?" பெரும்பாலும் திருடும் எண்ணம் இருக்காது, மேற்கோள் காட்ட யாரும் கற்றுக்கொடுத்திருக்க மாட்டார்கள். இதை முதலாண்டிலேயே சொல்லித்தரச் சொல்லித் துறைத்தலைவரிடம் கேட்க, உங்களைவிடப் பொருத்தமான ஆள் பல்கலைக்கழகத்தில் யாரும் இல்லை. சான்றிதழ் தரும் அலுவலராக இருப்பதும், வைவாவுக்கு முந்தின நாள் வந்து ஆசி கேட்கப்படும் அக்காவாக இருப்பதும் இந்த அரை மணி நேரத்தில்தான் பிரிகின்றன.

10. பார்வையற்ற மாணவர்கள் வந்தால் 'ஸ்க்ரைப் கூட்டிட்டு வாங்க' என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். ஒரு கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் மென்பொருளைப் போடுங்கள், அது இலவசம். ஸ்கேன் செய்து கேட்கும்படி மாற்றித் தந்தால் காப்புரிமைச் சிக்கல் வருமோ என்று பல நூலகர்கள் பின்வாங்குகிறார்கள். 2012-இல் திருத்தப்பட்ட காப்புரிமைச் சட்டம் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும் வடிவில் நூலை மாற்றித் தருவதற்கு விலக்கு அளிக்கிறது. இலாப நோக்கம் கூடாது என்பது நிபந்தனை. எந்தப் பாடத்துக்கு எந்தப் புத்தகம் என்பதைப் பருவம் தொடங்குமுன் கேட்டு வாங்குங்கள். தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு ஸ்கேன் செய்து கொடுத்துப் பயன் இல்லை. படிக்கட்டு எத்தனை, மேஜை எந்தப் பக்கம் என்று முதல் நாள் கைபிடித்து நடத்திக் காட்டுங்கள். ஒரு முறை போதும்.

11. ஃபைன். ஒரு நாளைக்கு ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ, நூலகத்துக்கு அது வருமானமே இல்லை. புத்தகத்தைத் தொலைத்துவிட்டு, மும்மடங்கு விலை கட்ட வேண்டுமோ என்ற பயத்தில் இரண்டு ஆண்டுகள் நூலகப் பக்கமே வராத பிள்ளைகள் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. தவணை கடந்தவர்களின் பட்டியலைத் துறைத்தலைவருக்கு அனுப்பி வகுப்பில் வாசிக்கவிடும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. கேவலமான வழக்கம். அதற்குப் பதில் நீங்களே கூப்பிட்டுப் பேசுங்கள். அதே பதிப்பை வாங்கிக் கொடுத்தால் போதும் என்று பல நூலகங்களின் விதியிலேயே இருக்கும்; அது மாணவருக்குத் தெரிவதில்லை, நாமும் சொல்வதில்லை.

12. நெருங்கிப் பழகுவதற்கும் வேவு பார்ப்பதற்கும் இடையில் கோடு உண்டு. இன்னார் என்ன எடுத்துப் படிக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும்; மனநலம் பற்றிய புத்தகமா, சாதி மறுப்புத் திருமணச் சட்டமா, மதம் மாறுவது பற்றியதா என்று தெரியும். அதைப் பற்றி வார்டனோ ஆசிரியரோ பெற்றோரோ கேட்டாலும் சொல்லாதீர்கள். ஸ்டாஃப் அறையில் வேடிக்கையாகக்கூடப் பேசாதீர்கள். பழைய பிரவுன் முறையில் புத்தகத்தின் அட்டையை வாசகரின் டிக்கெட்டுக்குள் செருகி வைப்போம். புத்தகம் திரும்பியதும் இரண்டையும் பிரித்துக் கொடுத்துவிடுவோம், யார் எதைப் படித்தார் என்பதற்குத் தடயமே இருக்காது. கணினி எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொள்கிறது. கோஹாவில் பழைய இரவல் வரலாற்றிலிருந்து பெயரை நீக்கிவைக்க வசதி இருக்கிறது. அதை இயக்கியிருக்கிறார்களா என்று சேர்ந்த மாதமே பாருங்கள்.

13. ரேக் அடுக்குகிற அண்ணனையும் வாசலில் பை வாங்கி வைக்கிற அக்காவையும் மதியுங்கள். எந்தப் பையன் மூன்று நாளாகச் சாப்பிடப் போகாமல் உட்கார்ந்திருக்கிறான், எந்தப் பெண் மூலையில் அழுதாள் என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். வாரம் ஒருமுறை அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். உங்கள் பட்டப்படிப்பு சொல்லித்தராத பாதி அங்கே கிடைக்கும்.

14. வெளியே போங்கள். 1931-இல் மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்குக் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகம் அனுப்பினார். விடுதிக்கு ஒரு தள்ளுவண்டி அனுப்ப நமக்கு எந்தத் தடையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை, பொதுஅறையில், ஐம்பது நாவல்கள் போதும்.

15. நாக் குழு வரும்போது ஒரு நாளைக்கு எத்தனை பேர் நூலகத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்று கணக்கு கேட்பார்கள். ரெஜிஸ்டரைக் காட்டி எண்ணைக் கொடுங்கள், அது வேலையின் ஒரு பகுதி. அந்த எண்ணில் ஏசி அறையில் தூங்கியவரும் இருப்பார், வாழ்க்கையில் முதல் முறையாக ஆய்வுக் கட்டுரை ஒன்றை முழுதாகப் படித்தவரும் இருப்பார். பிரித்துப் பார்க்க உங்களால் மட்டுமே முடியும். ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதில் படித்த புத்தகங்களின் பட்டியல் வேண்டாம். 'இன்னாருக்கு இந்தக் கட்டுரை தேடித் தர வேண்டும்' என்று நீங்கள் கொடுத்த வாக்கை மட்டும் எழுதுங்கள். தேடித் தந்தவுடன் அடித்துவிடுங்கள். ஒரு வாரத்துக்குள் தேடித் தந்தீர்களானால், அந்தப் பிள்ளை அடுத்த முறை இன்னொரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரும்.

சேர்கிற வாரத்திலேயே, உங்களுக்கு ஒதுக்கப்படும் துறையின் முதலாண்டு வருகைப் பட்டியலை அலுவலகத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். பெயர்களைப் படிக்கத் தொடங்குங்கள்.